படுக்கையருகே இயங்கும் குழு: செவிலியர் பணியை அறிந்துகொள்வோம்

மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட ஒருவரை மருத்துவர்களாகிய நாங்கள் ஒரு நாளில் நேரில் பார்க்கும் நேரத்தைக் கூட்டினால், பொது வார்டில் அது பெரும்பாலும் அரை மணியைத் தாண்டாது. எஞ்சிய நேரம் முழுவதும் அவரைக் கவனிப்பவர்கள் செவிலியர்களே. மருந்து தருவது, மாற்றங்களைக் குறிப்பது, தேவைப்படும்போது எங்களை அழைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆயினும், மருந்துகளைப் பற்றியும் பரிசோதனைகளைப் பற்றியும் எங்களிடம் விளக்கம் கேட்கும் குடும்பத்தினர், செவிலியர் குழு எவ்வாறு இயங்குகிறது என்று கேட்பது அரிது. மாறாக, சில மனக்குறைகள் எங்கள் காதுக்கு வருகின்றன. “காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், இரவில் ஒருவர், யாரிடம் சொல்வது?” “மூன்று நாளாக இங்கேயே இருக்கிறோம், இன்னும் பெயரைக் கேட்கிறார்களே?” “ஓர் ஊசிக்கு எதற்கு இரண்டு பேர்?” “அந்தச் செவிலியருக்குத் தமிழ் சரியாக வரவில்லையே?”

இவை நியாயமான கேள்விகள். இவற்றுக்கு விடை தெரிந்திருந்தால் உங்கள் மனக்கலக்கம் குறையும். அதைவிட முக்கியமாக, நள்ளிரவில் நோயாளியின் நிலை மாறத் தொடங்கினால் யாரை, எப்படி அழைப்பது என்பதில் தயக்கம் இராது. அந்தத் தயக்கம் நீங்குவது சில வேளைகளில் ஓர் உயிரின் விலை பெறும்.

யார் யார்?

வார்டில் சீருடை அணிந்த அனைவரையும் “சிஸ்டர்” என்றே அழைப்பது நம் வழக்கம். ஆனால் அவர்களின் கல்வியும் பொறுப்பும் ஒன்றல்ல. பட்டப்படிப்பான பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுகள் கொண்டது. ஜி.என்.எம். எனப்படும் பட்டயப் படிப்பு 3 ஆண்டுகள். துணைச் செவிலியர் படிப்பு 2 ஆண்டுகள். படிப்பை முடித்தபின் மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டவர்களே செவிலியராகப் பணியாற்ற இயலும். இந்தப் பதிவு முறை நம் மாநிலத்துக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் 1926-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947-இல் வந்தது. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அங்கேயும் டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியபோதுதான் இந்தியாவில் செவிலியம் பல்கலைக்கழகக் கல்வியாயிற்று.

ஒவ்வொரு பணிமுறையிலும், அதாவது ஷிப்டிலும், உங்கள் படுக்கைக்கென ஒரு செவிலியர் பொறுப்பேற்கிறார். அந்தப் பணிமுறையில் உள்ள செவிலியர்களுக்கு ஒரு மூத்த செவிலியர் தலைமை தாங்குகிறார். வார்டு முழுமைக்கும் பொறுப்புச் செவிலியர் ஒருவர் உண்டு. அவர்களுக்கு மேல் செவிலியர் கண்காணிப்பாளர் இருக்கிறார். இவர்களைத் தவிர, தொற்றுத் தடுப்புச் செவிலியர், டயாலிசிஸ் செவிலியர், புண் பராமரிப்பில் தனிப்பயிற்சி பெற்றவர் எனத் தேவைக்கேற்ப வந்து செல்வோரும் உளர். எனவே “யாரிடம் சொல்வது?” என்ற கேள்விக்கு விடை எளிது: இந்தப் பணிமுறையில் உங்கள் படுக்கைக்குப் பொறுப்பானவரிடம் முதலில் சொல்லுங்கள். அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வதில் பிழையேதும் இல்லை. அவரும் அதை விரும்புவார்.

பொறுப்பு கைமாறும் நேரம்

ஒருவர் 24 மணி நேரமும் விழித்துப் பணியாற்ற இயலாது என்பதால் செவிலியர் மாறித்தான் ஆக வேண்டும். அவ்வாறு மாறும்போது தகவல் தவறிவிடாமல் பார்ப்பதே குழுப்பணியின் முதல் சோதனை. மருத்துவமனைகளில் நிகழும் பிழைகளில் பல, தெரிந்த ஒருவரிடமிருந்து தெரிய வேண்டிய ஒருவருக்குச் செய்தி சென்று சேராததால் ஏற்படுபவை.

இதற்கென ஓர் ஒழுங்கு பின்பற்றப்படுகிறது. முதலில் நிலைமை: இப்போது நோயாளி எப்படி இருக்கிறார்? இரண்டாவது பின்னணி: எதற்காக அனுமதிக்கப்பட்டார், என்னென்ன சிகிச்சை நடந்துள்ளது? மூன்றாவது மதிப்பீடு: என் கணிப்பில் இவருக்கு என்ன நேர்கிறது? நான்காவது பரிந்துரை: அடுத்து என்ன செய்ய வேண்டும்? அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் சுருக்கமாகவும் பிழையின்றியும் செய்தி பரிமாற உருவான இந்த முறையைப் பின்னர் மருத்துவமனைகள் ஏற்றுக்கொண்டன. செவிலியர் எங்களைத் தொலைபேசியில் அழைக்கும்போதும் இதே வரிசையில்தான் பேசுகிறார். “சார், அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் சரியில்லை” என்பதற்கும், இந்த நான்கு படிகளில் சொல்லப்படும் செய்திக்கும் உள்ள வேறுபாட்டைத் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் நன்கு உணர்வார்.

பொறுப்பு மாற்றம் உங்கள் படுக்கையருகே நடைபெறும்போது அதைக் கவனித்துக் கேளுங்கள். விடுபட்டது ஏதேனும் இருந்தால், எடுத்துக்காட்டாக “மதியம் இரண்டு முறை வாந்தி எடுத்தார்”, “பென்சிலின் இவருக்கு ஒத்துக்கொள்ளாது” என்பவற்றை, அவர்கள் பேசி முடித்ததும் கூறுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் வேறு உதவி கேட்பதை மட்டும், அவசரமில்லையெனில், சற்றே ஒத்திவையுங்கள்.

பெயரை மீண்டும் மீண்டும் கேட்பது ஏன்?

ஒரே வார்டில் இரண்டு லட்சுமியர் இருப்பது இங்கே அரிதன்று. ஒரே முதலெழுத்துடன் இரண்டு முருகேசன்களும் இருக்கலாம். மருந்து தருமுன் செவிலியர் ஐந்து செய்திகளைச் சரிபார்க்கிறார்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இவற்றுள் முதலாவதை உறுதி செய்யவே பெயரைக் கேட்டு, மணிக்கட்டுப் பட்டையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுகிறார். “லட்சுமிதானே?” என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் யாரும் “ஆம்” என்று தலையசைத்துவிடக் கூடும். அதனால்தான் “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்கிறார். முகம் தெரிந்தவராயினும் கேட்கிறார், கேட்க வேண்டும்.

இன்சுலின், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், சிரைவழிச் செலுத்தப்படும் பொட்டாசியம் குளோரைடு போன்றவை அளவு சற்றே மிகுந்தாலும் பெருந்தீங்கு விளைவிக்கும். இத்தகைய மருந்துகளை ஒரு செவிலியர் கணக்கிட்டு எடுத்தபின், மற்றொருவர் தனியாகக் கணக்கிட்டுப் பார்க்கிறார். இரண்டு விடைகளும் ஒன்றினாலே மருந்து செலுத்தப்படும். இரத்தம் ஏற்றும்போதும் இதுவே முறை. இரண்டு பேர் கூடிப் பார்ப்பது அவர்களுக்குத் தெரியாததால் அன்று. எவ்வளவு அனுபவம் வாய்ந்தவருக்கும் கண் தவறலாம். இரண்டு பேரின் கண் ஒரே இடத்தில் தவறுவது அரிது.

அறுவை அரங்கிலும் இதுவே கதை. உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் 19 குறிப்புகள் கொண்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து தருமுன், தோலைக் கீறுமுன், அரங்கை விட்டு நோயாளி வெளியேறுமுன் என மூன்று முறை அனைவரும் நின்று, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் அதைப் படிப்பவர் செவிலியர். பஞ்சுத் துணிகள், ஊசிகள், கருவிகள் ஆகியவற்றின் எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்று அவர் சொன்னால், எவ்வளவு மூத்த அறுவை மருத்துவராயினும் காத்திருக்க வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் இப்பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகவும், பெரும் சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகவும் குறைந்திருந்தன. புதிய மருந்தோ புதிய கருவியோ இல்லாமல், ஒரு குழு ஒழுங்காகப் பேசிக்கொண்டதன் பயன் இது.

இரவு இரண்டு மணிக்கு யார் தலைவர்?

தலைமை என்றவுடன் பெரிய அறையில் அமர்ந்திருக்கும் ஒருவரையே நினைக்கிறோம். மருத்துவமனையில் தலைமை பல நேரங்களில் வேறு இடத்தில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருக்கும் ஓர் அம்மையாரை எண்ணிக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு இளம் செவிலியர் ஒருவர் அவரைப் பார்க்கிறார். மூச்சு நிமிடத்துக்கு 24. ஆக்சிஜன் செறிவு 94. நாடித்துடிப்பு 108. மேல் இரத்த அழுத்தம் 106. உடல்வெப்பம் 38.4 டிகிரி செல்சியஸ். அழைத்தால் தெளிவாகப் பதில் சொல்கிறார். இவற்றைத் தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிதாக அச்சுறுத்தவில்லை. “அறுவை சிகிச்சைக்குப் பின் சிறிது காய்ச்சல் சகஜம்தானே?” என்று தோன்றலாம்.

பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை இங்கே உதவுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. மேற்கண்டவருக்கு மூச்சுக்கு 2, ஏனைய நான்குக்கும் தலா 1, தெளிவான உணர்வுக்கு 0, கூட்டினால் 6. மொத்தம் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் விரைந்து வந்து பார்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் எனில் அது அவசரநிலை. ஐந்து சிறு மாற்றங்கள் சேர்ந்து, உள்ளே ஒரு தொற்று இரத்தத்தில் பரவத் தொடங்கியிருக்கலாம் என்று கூறுகின்றன. அப்போதே கண்டறிந்தால் சிகிச்சை எளிது. காலைச் சுற்றுக்காகக் காத்திருந்தால் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல நேரிடலாம்.

அந்த வேளையில் அந்தப் படுக்கையின் தலைவர் அந்த இளம் செவிலியரே. அவர் பணி மருத்துவரை அழைக்கிறார். மறுமொழி நிறைவளிக்கவில்லை எனில், தம் மூத்த செவிலியரிடம் கூறி, அடுத்த நிலை மருத்துவரை அழைக்கிறார். மூத்த மருத்துவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதற்காக அவர் கடிந்துகொள்ளப்படக் கூடாது. “அழைத்தது நன்று” என்ற சொல்லைக் கேட்ட செவிலியர் அடுத்த முறையும் அழைப்பார். கடுஞ்சொல்லைக் கேட்டவர் அடுத்த முறை தயங்குவார். ஆகவே செவிலியரின் குரலுக்கு இடமளிப்பது மருத்துவர்களாகிய எங்கள் தலைமைப் பொறுப்பின் ஒரு பகுதி.

1990-களில் ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் உருவான விரைவு உதவிக் குழு முறையில், அழைப்பதற்குரிய காரணங்களின் பட்டியலில் எண்களோடு “செவிலியருக்குக் கவலையாக இருக்கிறது” என்பதும் சேர்க்கப்பட்டது. எண்கள் மாறுவதற்கு முன்பே, பல ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்த கண் ஏதோ ஒன்றை உணர்ந்துவிடுகிறது. அந்த உணர்வுக்கும் மதிப்புண்டு.

குடும்பத்தினரின் கவலைக்கும் அவ்வாறே மதிப்புண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2013 முதல், தம் கவலைக்கு உரிய பதில் கிடைக்கவில்லையெனில் குடும்பத்தினரே மற்றொரு மருத்துவப் பார்வையைக் கோரும் ஏற்பாடு உள்ளது. இங்கிலாந்தும் 2024 முதல் அதைப் பின்பற்றத் தொடங்கியது. உங்கள் தாயாரின் இயல்பான முகத்தை எங்களைவிட நீங்கள் நன்கறிவீர்கள். “எப்போதும் இப்படிப் பேச மாட்டார்”, “என்னை அடையாளம் தெரியவில்லை”, “மாலையிலிருந்து சிறுநீரே போகவில்லை”, “கை கால் சில்லென்று இருக்கிறது” என்பன எங்களுக்கு மிகவும் தேவையான செய்திகள். “தொந்தரவு என்று நினைப்பார்களோ” என்று எண்ணி விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

எண்ணிக்கையும் சிகிச்சையே

குழு எவ்வளவு சிறந்ததாயினும், ஆள் போதாவிட்டால் பயனில்லை. லிண்டா எய்க்கன் என்ற அமெரிக்கச் செவிலிய ஆய்வாளரும் குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரு செவிலியரின் பொறுப்பில் உள்ள அறுவை சிகிச்சை நோயாளிகளுடன் கூடுதலாக ஒருவர் சேரும் ஒவ்வொரு முறையும், 30 நாட்களுக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு உயர்ந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வும் இதையே உறுதி செய்தது.

இதனால்தான் பொது வார்டில் ஒரு செவிலியர் பலரைக் கவனிக்கையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் ஒருவருக்கு ஒரு செவிலியர் என்ற அளவை நாடுகிறோம். நீங்கள் அழைத்தும் செவிலியர் வரத் தாமதமானால், பெரும்பாலும் அவர் உங்களைவிட நோய் கடுமையான மற்றொருவரிடம் இருப்பார். அதற்காக நீங்கள் அமைதியாகவே இருக்க வேண்டும் என்று கூறவில்லை. அவசரம் என்று தோன்றினால் செவிலியர் மேசையில் இருக்கும் யாரிடமும் உடனே சொல்லலாம். உங்கள் படுக்கைக்குப் பொறுப்பில்லாதவராயினும் அவர் வருவார். குழு என்பதன் பொருள் அதுவே.

பல ஊர், பல மொழி, ஒரே பணி

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் அப்போது ஏறத்தாழ 2.8 கோடிச் செவிலியர்கள் இருந்தனர். அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் பெண்களாக இருந்தனர். ஆயினும் ஆண் செவிலியர்களின் எண்ணிக்கை வளர்ந்து வருகிறது. அவர்களை நோயாளியைத் தூக்குவதற்கென்றே வந்தவர்களாகக் கருதுவது சரியன்று. படித்த படிப்பும் எழுதிய தேர்வும் ஒன்றே. அதே வேளையில், உடலைத் துடைத்துவிடுதல், சிறுநீர்க் குழாய் பொருத்துதல் போன்ற வேளைகளில் பெண் நோயாளி பெண் செவிலியரையோ, ஆண் நோயாளி ஆண் செவிலியரையோ கேட்பது முற்றிலும் ஏற்கத்தக்கது. கூச்சமின்றிக் கேளுங்கள், இயன்ற வரையில் ஏற்பாடு செய்வோம். அவசரநிலையில் மட்டும், அருகிலிருப்பவர் செயல்பட அனுமதியுங்கள்.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் கேரளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்த செவிலியர்கள் பணியாற்றுகின்றனர். நம் ஊர்ச் செவிலியர்கள் வளைகுடா நாடுகளிலும் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதேபோல் பிற மொழி பேசும் நோயாளிகளைக் கவனிக்கின்றனர். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து சென்னைக்கும் வேலூருக்கும் வருவோர் பலர். அவர்களின் மொழி அறிந்த ஒரு செவிலியர் வார்டில் இருப்பது பாதி மருந்துக்குச் சமம்.

மொழிச் சிக்கல் உண்மையானது. அதை மறைக்க வேண்டியதில்லை. நோயைச் சொல்லத் தமிழில் நுட்பமான சொற்கள் பல உண்டு. குத்துகிறது, எரிகிறது, கடுக்கிறது, குடைகிறது, பிசைகிறது, விண்விண் என்று தெறிக்கிறது என ஒவ்வொன்றும் வெவ்வேறு நோயைச் சுட்டக் கூடும். “மயக்கமாக இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், அது தலைசுற்றலா, கண் இருட்டிக்கொண்டு வருதலா, நினைவு தப்பியதா, வெறும் தூக்கமா என்று தமிழ் தெரிந்தவரே மீண்டும் கேட்க வேண்டும். “நெஞ்சு கரிக்கிறது” என்பது செரிமானக் கோளாறாகவும் இருக்கலாம், மாரடைப்பின் தொடக்கமாகவும் இருக்கலாம். எனவே, வேற்று மொழிச் செவிலியர் உங்கள் சொல்லைக் கேட்டதும் மற்றொருவரை அழைத்து வந்து மீண்டும் கேட்கச் செய்தால், அதைக் குறையாக எண்ணாதீர்கள். புரிந்ததாக நடிக்காமல் துணையை அழைப்பவரே பாதுகாப்பான செவிலியர். நீங்களும் வலிக்கும் இடத்தைக் கையால் காட்டி, எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது என்று எளிய சொற்களில் கூறினால் உதவியாக இருக்கும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாதி, மதம், நிறம், பிறந்த ஊர் ஆகியவற்றைக் காட்டி ஒரு செவிலியரை வேண்டாம் என்று மறுப்பதை எங்களால் ஏற்க இயலாது. அந்தக் கை உங்களைத் தொடுவது உங்கள் நலனுக்காக. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்க 2008-இல் இயற்றப்பட்ட சட்டம் செவிலியர்களையும் காக்கிறது. சட்டத்தை நினைவூட்டும் நிலை வராதிருப்பதே நம் அனைவரின் விருப்பம்.

நீங்களும் இக்குழுவில் ஒருவர்

உடனிருப்போர் செய்யக்கூடிய சிலவற்றைத் தொகுத்துத் தருகிறோம்:

- ஒவ்வொரு பணிமுறையிலும் உங்கள் செவிலியரின் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.
- நோயாளியின் ஒவ்வாமைகளையும், வீட்டில் உட்கொள்ளும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி வந்து கொடுங்கள். நாட்டு மருந்துகளையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.
- செவிலியருக்குத் தெரியாமல் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.
- டிரிப்ஸ் ஓடும் வேகத்தையோ ஆக்சிஜன் அளவையோ நீங்களாக மாற்றாதீர்கள். கருவி ஒலித்தால் அணைக்காமல் அழைப்பு மணியை அழுத்துங்கள்.
- நோயாளியைத் தொடுமுன் கைகளைத் தூய்மை செய்யுங்கள். செவிலியரோ மருத்துவரோ அதை மறந்ததாகத் தோன்றினால் நினைவூட்டுங்கள். நாங்கள் தவறாக எண்ண மாட்டோம்.
- உடனிருப்பவர் மாறும்போது, செவிலியர்களைப் போலவே நீங்களும் அடுத்தவரிடம் நிலைமையை எடுத்துச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.
- மூச்சு வாங்குதல், புதிதாகத் தோன்றும் குழப்பம், அளவு மீறிய உறக்கம், சிறுநீர் குறைதல், உடல் சில்லிடல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் உடனே கூறுங்கள். பதில் நிறைவளிக்கவில்லையெனில் பணிமுறைத் தலைமைச் செவிலியரிடமும், அதன்பின் பணி மருத்துவரிடமும் கூறுங்கள்.

வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டை நாங்கள் எழுதிக் கொடுத்தாலும், எதை எப்போது உட்கொள்வது, புண்ணை எப்படிக் கவனிப்பது, எந்த அறிகுறி தோன்றினால் திரும்ப வருவது என்பதை உங்களோடு அமர்ந்து விளக்குபவர் பெரும்பாலும் செவிலியரே. அவர் கூறியதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். விடுபட்டது ஏதேனும் இருந்தால் அப்போதே திருத்திவிடலாம். வீட்டுக்குச் சென்றபின் நோயாளியின் பொறுப்பு உங்கள் கைக்கு மாறுகிறது. அதுவும் ஒரு பொறுப்பு மாற்றமே. அதைச் செவ்வனே பெற்றுக்கொண்டு செல்லுங்கள். நலம் பெறுக.